சூசை உப்பை விட்ட தவக்காலம்

அன்று மாலை என் கணவர் வேலையிலிருந்து வந்தார். சட்டையைக் கழற்றி, அழகாக மடித்து, ஃப்ரிட்ஜைத் திறந்து தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றாமலே காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார். நான் சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு நின்றிருந்தேன். சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. முதலில் சிரித்தேன் என்பதுதான் உண்மை.

"இன்னாங்க, சட்டைக்கு வேர்க்குதா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பார்த்தார் என்று சொல்வதுகூடத் தப்பு. கண் என் மேல் இருந்தது, ஆள் அதில் இல்லை.

இந்தத் தொடரில் இத்தனை வாரமும் பள்ளிக்கூடக் கதைகளாகவே சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரரைப் பற்றி எழுதவே மாட்டீர்களா, அவரோடு சண்டையா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சண்டை தினமும் உண்டு அம்மா, அதனால் இல்லை. எழுதினால் அந்த நாட்கள் திரும்பி வந்து வாசலில் நிற்குமோ என்று பயம். அவ்வளவுதான். சரி, இந்த வாரம் எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

டாக்டருக்கும் ஆச்சு, ஆண்டவருக்கும் ஆச்சு

நாங்கள் ராயபுரத்துக்காரர்கள். என் கணவர் சூசைக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. ட்ரெய்லரில் வந்து இறங்கும் பெட்டிகளின் எண்ணைச் சரிபார்த்து, சீல் உடைந்திருக்கிறதா என்று பார்த்து உள்ளே அனுப்ப வேண்டும். நாள் முழுக்க வெயில், இரும்பு, டீசல் புகை. நான் தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர்.

எங்கள் தெருவில் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தால் ஆளாளுக்கு ஒன்றை விடுவார்கள். கறி எல்லாரும் விடுவது, அதில் பெருமை ஒன்றும் கிடையாது. அதற்கு மேல் சொந்தமாக ஒன்றை விட வேண்டும். அது தொடங்கும் சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலை விட்டு வெளியே வரும்போதே, "நீ இன்னா வுட்டே?" என்று ஒருவரை ஒருவர் விசாரிப்பார்கள். ஒருத்தி டீயை விட்டிருப்பாள், ஒருத்தர் சீட்டாட்டத்தை விட்டிருப்பார். ஈஸ்டர் அன்று காலையில் அதைத் தேடிக்கொண்டு ஓடுவதும் எங்கள் தெருவில் ஒரு வேடிக்கைதான்.

சூசை அந்த ரகம் இல்லை. ஒரு தவக்காலத்தில் குடியை விட்டார், ஈஸ்டர் வந்தும் தொடவில்லை. இன்னொரு தவக்காலத்தில் பீடி. அதுவும் அப்படியே போயிற்று. அவரிடம் விட்டது விட்டதுதான். எனக்கு அதில் உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அந்த வருஷம் அவருக்குப் பிரஷர் என்று தெரிந்திருந்தது. தினமும் காலையில் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். உடம்பில் தேங்கும் நீரைப் பிரித்து வெளியே தள்ளுகிற மாத்திரை. உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். சாம்பல் புதன் அன்று கோயில் வாசலில் வைத்தே அறிவித்துவிட்டார், இந்த வருஷம் உப்பு என்று. அவருக்கு ஒரே சந்தோஷம்.

"டாக்டருக்கும் ஆச்சு, ஆண்டவருக்கும் ஆச்சு" என்றார்.

டாக்டர் குறைக்கத்தானே சொன்னார், விடச் சொல்லவில்லையே என்றேன். அரைகுறையாக விட்டால் அதற்குப் பெயர் தவமா, ஒறுத்தலா என்று என்னையே திருப்பிக் கேட்டார். அந்த மனுஷனிடம் வாதாடி ஜெயித்தவர்கள் கிடையாது. குழம்பு கொதித்ததும் உப்புப் போடுவதற்கு முன்னால் அவருக்கென்று ஒரு கிண்ணம் எடுத்துத் தனியாக வைத்துவிடுவேன். முகத்தைச் சுளிக்காமல் சாப்பிடுவார். நானாக இருந்தால் இரண்டாம் நாளே தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன்.

மார்ச் மாதத்திலேயே வெயில் ஏறிவிட்டது. மாலையில் அவர் கழற்றிப் போடும் சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு காய்ந்திருக்கும். வேர்வையில் வந்த உப்பு அது. யார்டில் மற்றவர்கள் உப்புப் போட்ட மோரும் எலுமிச்சை ஜூஸும் குடிப்பார்கள். இவர் அதைத் தொடாமல் கேன் தண்ணீரை மட்டும் மொடக் மொடக் என்று குடித்திருக்கிறார். தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றார். வெயில்தான், இன்னும் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று நானும் சொன்னேன், யார்டில் இருந்தவர்களும் சொன்னார்கள். பாவம், எல்லார் பேச்சையும் கேட்டுக் குடித்தார்.

உருளைக்கிழங்குப் பாடம்

இங்கே கொஞ்சம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் நான் எதற்காக அப்படிப் பயந்தேன் என்பது உங்களுக்குப் புரியாது.

ஒன்பதாம் வகுப்புக்குச் செல் பாடம் எடுக்கும்போது வீட்டிலிருந்து உருளைக்கிழங்கும் உலர்ந்த திராட்சையும் கொண்டுபோவேன். கிழங்கைத் துண்டு போட்டு ஒன்றை உப்புக் கரைசலில் போட வேண்டும், இன்னொன்றை வெறும் தண்ணீரில். பாடம் முடிவதற்குள் உப்பில் கிடந்தது தொளதொளவென்று வளையும். தண்ணீரில் கிடந்தது விறைத்துக்கொண்டு மொடமொடவென்று இருக்கும். திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்பிக்கொண்டு பழம் மாதிரி ஆகிவிடும். பிள்ளைகள் அதை எடுத்துத் தின்றுவிடுவார்கள் என்பதால் கணக்குக்கு மேலேயே கொண்டுபோக வேண்டும்.

ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. தண்ணீர் அதன் வழியாகச் சுலபமாகப் போகும், வரும். உப்பு அப்படிப் போக முடியாது. அதனால் எந்தப் பக்கம் உப்பு அதிகமோ அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் நகரும். இதைத்தான் புத்தகத்தில் சவ்வூடு பரவல் என்று போட்டிருக்கிறார்கள். சூசைக்கு ஒருநாள் இதைச் சொன்னபோது, "எங்க யார்டு கேட்டு மாதிரின்னு சொல்லு. தண்ணி நம்ம ஆளு, சலாம் போட்டுகினு உள்ள போயிடும். உப்பு பாஸ் காட்டணும்" என்றார். அதற்கப்புறம் வகுப்பில் அதைத்தான் சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் பட்டென்று புரிகிறது.

ஒருமுறை காத்திவாக்கம் பக்கம் கழிமுகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். கரையில் அலையாத்திச் செடிகள், அவற்றுக்குப் பின்னால் அனல் மின் நிலையத்தின் சாம்பலைக் கொண்டுபோகும் குழாய்கள். ஒரு பெண் இலையை நக்கிப் பார்த்துவிட்டு, "மிஸ், உப்பு கரிக்குது" என்றாள். எல்லாரும் நக்கினார்கள். அந்தச் செடி கடல் தண்ணீரில் நின்றுகொண்டு, உள்ளே வருகிற உப்பை இலை வழியாகத் தள்ளித் தள்ளித்தான் உயிர் வாழ்கிறது. வாயைக் கழுவச் சொல்லி நான் கத்திய கத்தலில் படகுக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

பாடத்தில் கடைசியாக ஒன்று சொல்வேன். செடியின் செல்லுக்குச் சவ்வைச் சுற்றி வெளியே ஒரு சுவர் உண்டு. தண்ணீர் எவ்வளவு புகுந்தாலும் அந்தச் சுவர் தாங்கிக்கொள்ளும், செல் விறைத்து நிற்குமே தவிர வெடிக்காது. நம் செல்லுக்குச் சுவர் கிடையாது. வெளியே உப்புக் குறைந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து வீங்கும். ஒவ்வொரு வருஷமும் இதைக் கரும்பலகையில் படம் போட்டு, அடிக்கோடு இட்டு, பரீட்சைக்குக் கட்டாயம் வரும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

வாயை மோந்து பார்த்த அக்கா

சட்டையை ஃப்ரிட்ஜில் வைத்த அன்று என் நாத்தனார் பிலோமி அக்காவுக்குத்தான் முதலில் ஆள் அனுப்பினேன். சூசைக்கு மூத்தவள். காசிமேட்டில் மீன் வியாபாரம். தாய் தகப்பன் போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அடுத்த தெருவில் இருக்கிறாள்.

வந்தவள் நேராகப் போய்த் தம்பியின் வாயை மோந்து பார்த்தாள். யார்டிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்த ஆட்டோக்காரர் தெருமுனையில், சூசை அண்ணன் தவக்காலத்திலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அக்காவுக்கு அவமானம் பொறுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்க, கையை ஓங்கிவிட்டாள்.

மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்து பார்த்தாள். ஓங்கிய கை அப்படியே கீழே இறங்கியது.

"ஸ்டெல்லா, இவன் குடிக்கல" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் இறக்கும்போதே அவருக்குக் கைகால் வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே ஓடினோம். அவர் காலில் இருந்து விழுந்த ஒற்றைச் செருப்பை எதற்கோ நான் கையில் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் சின்ன வயசுப் பெண். என்னிடம் முன்னால் படித்துவிட்டுப் போன மாணவிகளின் வயசுதான் இருக்கும். ரத்தத்தில் உப்பு மோசமாக இறங்கியிருக்கிறது, மூளை வீங்கியிருக்கிறது என்றாள். என்ன சாப்பிடுவார், என்ன மாத்திரை என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவள், தவக்காலத்துக்காக உப்பை விட்டுவிட்டார் என்றதும் பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் டீச்சர் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உப்பில்லாத ரத்தம், சுவரில்லாத செல், உள்ளே புகும் தண்ணீர். வீங்குவதற்கு மூளைக்கு இடம் ஏது? சுற்றிலும் மண்டை ஓடு. கரும்பலகையில் போட்ட படம் என் கண் முன்னால் படுத்துக்கொண்டு வாயில் நுரை தள்ளியது. ஆண்டவரே, எதுவும் தெரியாதவளாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

அக்கா காலி செய்த டப்பா

வலிப்பு நின்றது. கெட்டியான உப்புத் தண்ணீர் கொஞ்சம் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும் என்று டாக்டர் சொன்னாள். இறங்கிய உப்பைச் சட்டென்று ஏற்றக் கூடாது, சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும். அவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார், எவ்வளவு சிறுநீர் கழிக்கிறார் என்பதை அளந்து எழுத வேண்டும். கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்தார்கள். அளக்காமல் யாரும் ஊற்றக் கூடாது என்றார் நர்ஸ்.

மறுநாள் காலையில் சூசை கண்ணைத் திறந்து, "ஏன்டி ஒரு மாதிரி கீறே?" என்று கேட்டார். எனக்கு உயிர் வந்தது. பிலோமி அக்கா அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். டப்பா விஷயத்தை அவளிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு, குளித்து மாற்றுத்துணி எடுத்து வர நான் வீட்டுக்குப் போனேன்.

பிலோமி அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மார்க்கெட்டில் அவள் உட்காரும் இடத்தில் ஒரு செதில் கிடக்காது. நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருப்பாள். மீன்காரி வீடு நாறும் என்று எவளும் சொல்லிவிடக் கூடாது என்பது அவளுக்கு ஒரு வெறி. அப்படிப்பட்டவள் தம்பியின் கட்டிலுக்குக் கீழே, போகிறவர் வருகிறவர் பார்க்க, மூத்திர டப்பா நிறைந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு உட்காருவாளா? எடுத்துக்கொண்டு போய் ஊற்றி, பினாயில் போட்டுக் கழுவி, கவிழ்த்து வைத்திருக்கிறாள். டப்பா நிறையும்போதெல்லாம் இப்படியே.

நான் மாலையில் திரும்பி வந்தபோது பெருமையாகச் சொன்னாள். "நல்லா போறான் ஸ்டெல்லா. டப்பா டப்பாவா போயிகினு கீறான். ஒடம்புல கீற விஷமெல்லாம் வெளிய வந்துகினு கீது. நர்ஸம்மா கண்ணுல படறதுக்குள்ள நான் கழுவி வெச்சிடறேன்."

உடம்பிலிருந்து வெறும் தண்ணீர் அப்படிக் கொட்டினால் ரத்தத்தில் உப்பு என்ன ஆகும்? யாரும் ஏற்றாமலே ஏறிவிடும். நர்ஸிடம் ஓடினேன். ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் உடனே ஓடுகிற பாட்டிலை மாற்றச் சொன்னாள். உப்பில்லாத சர்க்கரைத் தண்ணீரும், சிறுநீரைக் கட்டுப்படுத்த ஒரு ஊசியும். குறைந்ததை ஏற்றினவர்கள் இப்போது ஏறினதைக் கொஞ்சம் இறக்கப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தே எனக்குச் சொன்னாள். சூசை கண்ணை மூடிப் படுத்திருந்தார். நாள் கணக்காக உப்புக் குறைந்துகொண்டே வந்ததில், மூளையின் செல்கள் வீங்காமல் தப்பிக்கத் தங்களிடம் இருந்த உப்பையும் மற்றதையும் வெளியே தள்ளியிருக்கின்றன. அந்த நிலைமையில் வெளியே உப்புச் சட்டென்று ஏறினால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே ஓடிவிடும். செல் சுருங்கும். நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறை உரிந்துபோகலாம்.

"இப்ப நல்லாத்தானே பேசுறார்?" என்றேன்.

"இப்ப தெரியாதும்மா. வர்றதா இருந்தா சில நாள் கழிச்சுத்தான் வரும். பேச்சு குழறும். முழுங்க முடியாது. கைகால் வராது. அதுக்கு மேலயும் போகலாம்" என்றாள். கொஞ்சம் நின்று, "வராமலும் போகலாம். பார்த்துக்கிட்டே இருக்கணும், வேற வழியில்ல" என்றாள்.

அதற்கு மேல் என்றால் என்ன என்று வெளியே வராந்தாவில் போய்க் கேட்டேன். எல்லாம் காதில் விழும், எல்லாம் புரியும், எதையும் அசைக்க முடியாமல் போகலாம் என்றாள்.

டப்பாவை ஊற்றியதால் வந்த வினை என்று நர்ஸ் சொல்லித் தெரிந்து, பிலோமி அக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தை நெரிக்க வேண்டும் போல எனக்குக் கோபம் வந்தது. இதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? அவள் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படிப் பார்த்ததும் திட்ட வந்த வார்த்தை வாயிலேயே நின்றுபோயிற்று. கீழே போய் ஒரு டீ வாங்கி வந்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

ஜெபம் என்ற பெயரில்

அதற்கப்புறம் வந்த நாட்களில் நான் மனுஷியாக இல்லை. வீட்டுக்குப் போகாமல் வார்டிலேயே கிடந்தேன். கஞ்சி ஊட்டும்போது அவர் வாயைப் பார்க்காமல் தொண்டையைப் பார்ப்பேன். அது ஏறி இறங்கினால்தான் அடுத்த ஸ்பூன். தூங்கும்போது மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பேன். விழித்திருந்தால் கால் அசைகிறதா என்று பார்ப்பேன். அவர் தும்மினால்கூட எனக்குத் தூக்கிவாரிப்போடும்.

பேச்சைத்தான் எப்படிச் சோதிப்பது என்று தெரியவில்லை. சும்மா சும்மா பேச்சுக் கொடுத்தால் சந்தேகம் வரும். அவருக்கு எதுவும் தெரியக் கூடாது என்று டாக்டரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஜெபமாலை ஞாபகம் வந்தது.

எங்கள் வீடுகளில் ஜெபமாலை சொல்லும்போது ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்வார், மற்றவர்கள் மறு பாதியைப் பதிலாகச் சொல்ல வேண்டும். முழு மாலைக்கும் அதே வார்த்தைகள், மறுபடி மறுபடி. பேச்சைச் சோதிக்க இதைவிட ஒன்று கிடைக்குமா? காலையில் ஒரு மாலை, மதியம் ஒன்று, சாயந்திரம் ஒன்று என்று ஆரம்பித்தேன். நான் முதல் பாதியைச் சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். அவர் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு எழுத்தையும் கேட்பேன். ழ சரியாக வந்ததா, ர நடுங்கியதா, ஒன்று போல் வருகிறதா. சாமி என் நினைப்பிலேயே இல்லை.

"இன்னாடி, கன்னியாஸ்திரி ஆயிட்டியா?" என்று முதல் நாள் கிண்டல் செய்தார். பக்கத்துக் கட்டில் பாயின் மனைவி மட்டும், உங்கள் சாமி மேல் உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் பதில் மாறியது.

சூசை ஜெபம் சொல்வது தெருவுக்கே தெரியும். மெயில் வண்டி மாதிரி படபடவென்று ஓடுவார், பங்குச் சாமியாரே ஒருமுறை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாக, இழுத்து, நிறுத்தி, சொன்னார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் இடைவெளி. உதட்டைக் குவித்து, நாக்கை அழுத்தி, கஷ்டப்பட்டுச் சொல்கிற மாதிரி இருந்தது. எனக்கு மாலை கையிலிருந்து நழுவிவிட்டது.

டாக்டரை அழைத்து வந்தேன். நாக்கை நீட்டச் சொன்னாள், தண்ணீர் குடிக்கச் சொன்னாள், விரலைப் பிடித்து அழுத்தச் சொன்னாள், உள்ளங்காலில் கீறிப் பார்த்தாள். எனக்கு வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லையே என்றாள். எனக்குத் தெரிகிறது, என் புருஷன் இப்படிப் பேச மாட்டார் என்றேன். ஸ்கேன் எடுத்தார்கள். அதிலும் ஒன்றுமில்லை. ஆனால் ஆரம்பத்தில் ஸ்கேனில் தெரியாமலும் இருக்கலாம், காத்திருப்போம் என்றாள்.

காத்திருந்தோம். ஒவ்வொரு நாளும் அதே மெதுவான பதில்தான். மோசமாகவும் இல்லை, பழையபடியும் இல்லை. மற்ற பேச்சையும் குறைத்துக்கொண்டார். கேட்டால் தலையை ஆட்டினார். எனக்கு முடிவாகிவிட்டது என்றே தோன்றியது. நாளைக்கு இந்தப் பேச்சும் நின்றுவிடும், பிறகு விழுங்குவது நிற்கும், பிறகு அந்தக் கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். அதை எப்படித் தாங்குவேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

ரவுண்ட்ஸ் வந்த காலை

ஒரு வாரத்துக்கும் மேல் ஆன பிறகு ஒரு காலையில் பெரிய டாக்டரோடு அந்தப் பெண் வந்தாள். நடக்கச் சொன்னார்கள், நடந்தார். கையை மடக்கி நீட்டச் சொன்னார்கள், செய்தார். பெரிய டாக்டர் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆபத்தான காலம் தாண்டிவிட்டது என்றார். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம், சோற்றுக்கு உப்புப் போட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள், மாத்திரையை மாற்றித் தருகிறோம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பிலோமி அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த மெதுவான பேச்சு என் காதிலேயே இருந்தது. பழக்கத்தில் கை பைக்குள் போய் மாலையை எடுத்தது. முதல் பாதியைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

பதில் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும் ஸ்டெல்லா. அதான் பாஸுன்னு சொல்ட்டாரே" என்றார். படபடவென்று, ஒரே மூச்சில், பழைய வேகத்தில்.

அவர்தான் சொன்னார். டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் பேசிய அன்று அவர் தூங்கவில்லையாம். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பேச்சு குழறும் என்று சொன்னது காதில் விழுந்திருக்கிறது. நான் எதற்காக மாலையை எடுக்கிறேன் என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டதாம். எங்கே ஒரு எழுத்துத் தப்பிவிடுமோ, நான் கேட்டுவிடுவேனோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். மற்ற நேரத்தில் பேசுவதையே குறைத்ததும் அதனால்தான். போர்வைக்குள் கால்விரலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டே கிடந்தாராம்.

"தெரியும்னு எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். எனக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

"நீயே பயந்துகினு இருந்தே. நானும் பயந்துட்டா, அப்புறம் உனக்கு யாரு பதில் சொல்றது?" என்றார்.

என் கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டார். முதல் பாதியை இந்த முறை அவரே ஆரம்பித்தார், கடகடவென்று ஓடி முடித்தார். மறு பாதியை நான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மாலையைப் பிடித்தபடி அவர் காத்திருந்தார்.